வண்டி ஏன் உதறுகிறது?

மும்பையில் ஹார்பர் ரயில் பாதையில் ஒரு ஸ்டேஷன் சுனாபட்டி. அடுத்த ஸ்டேஷன் குர்லா. சயான், செம்பூர், தாராவி, மாட்டுங்கா எல்லாம் பக்கத்தில்தான். தமிழ்க் குடும்பங்கள் பல இந்தப் பகுதிகளில் வாழ்கின்றன.

மும்பை என்றால் கறுப்பு மஞ்சள் டாக்சி நினைவுக்கு வரும். பல ஆண்டுகள் அந்த டாக்சி என்றாலே பிரீமியர் பத்மினி கார்தான். குர்லாவில் இருந்த பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ் ஆலையில் அந்தக் கார் செய்யப்பட்டது. 1964இல் வந்த பியட் காரின் வழியில் வந்தது அது. 1970களில் அதற்குப் பத்மினி என்று பெயர் வந்தது. சித்தூர் ராணி பத்மினியின் பெயர் அது. 2023 அக்டோபர் மாதத்தோடு மும்பைத் தெருக்களில் பத்மினி டாக்சியின் காலம் முடிந்தது. இருபது ஆண்டு ஆன டாக்சி ஓடக்கூடாது என்பது அங்கே விதி. ஆனால் பழைய கார்களைப் பாதுகாத்து ஓட்டுபவர்கள் இன்றும் இருக்கிறார்கள்.

இந்தப் பழைய வண்டிகளில் அடிக்கடி வரும் ஒரு கோளாறு உண்டு. வண்டி உதறும். இழுக்காது. பெட்ரோல் வீணாகும். மெக்கானிக்குகள் இதை 'மிஸ்ஸிங்' என்பார்கள். அது ஏன் வருகிறது? எங்கே கோளாறு என்று எப்படிக் கண்டுபிடிப்பது? ஒரு கதையாகச் சொல்லிப் பார்ப்போம்.

எட்டாயிரம் ரூபாய்

1990களில் ஒரு மழைக்காலம். சுனாபட்டியில் ஒரு டாக்சி ஓட்டுநர். சொந்த வண்டி. கடன் வாங்கி வாங்கியது. மாதம் பிறந்தால் தவணை கட்ட வேண்டும். பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள் இரண்டு பேர்.

ஒரு நாள் வண்டி சிக்னலில் நின்றபோது உதறியது. பாலத்தில் ஏறும்போது திணறியது. பின்னால் உட்கார்ந்திருந்த பயணி, "இது போய்ச் சேருமா?" என்று கேட்டார். ஓட்டுநருக்கு வெட்கமாக இருந்தது.

ஒரு பட்டறைக்குப் போனார். அங்கே ஒருவர் வண்டியை ஸ்டார்ட் செய்து இரண்டு நிமிடம் கேட்டார். பிறகு, "எஞ்சின் போயிடுச்சு. பிரிச்சு வேலை செய்யணும். எட்டாயிரம் ஆகும்" என்றார்.

எட்டாயிரத்துக்கு எங்கே போவது? மறுபடியும் கடனா? ஓட்டுநர் அன்று இரவு சாப்பிடவில்லை. அவர் மனைவி விஷயத்தைக் கேட்டார். "ஏங்க, ஒருத்தர் சொன்னதும் முடிவு பண்ணணுமா? நம்ம ஊர்க்கார மிஸ்திரி ஒருத்தர் செம்பூர் ரோட்டுல இருக்காரே, அவரையும் ஒரு வார்த்தை கேளுங்க" என்றார்.

காலையில் இருவரும் வண்டியோடு போனார்கள்.

மிஸ்திரி கேட்ட கேள்விகள்

மிஸ்திரி வயதானவர். ஸ்பானரை எடுக்கவில்லை. முதலில் கேள்வி கேட்டார்.

"என்னைக்குத் தொடங்கிச்சு தம்பி?"

"பத்துப் பதினைஞ்சு நாள் இருக்கும் அண்ணாச்சி."

"எப்பவும் உதறுதா? சில நேரம் மட்டுமா? எஞ்சின் குளிர்ந்திருக்கும்போதா? சூடான பிறகா?"

ஓட்டுநர் யோசித்தார். சரியாகச் சொல்லத் தெரியவில்லை. அப்போது அவர் மனைவி பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்தார். அறிவொளி வகுப்பில் எழுதப் படிக்கக் கற்றவர் அவர். வீட்டு வரவு செலவை நாள்தோறும் அதில் எழுதி வந்தார். எழுத்துக் கூட்டிப் படித்தார்.

"இரண்டாம் தேதி. பெரிய மழை. வண்டி நடுவில் நின்றது. வரவு குறைவு. மூன்றாம் தேதி வெயில். வரவு சரி. ஆறாம் தேதி மழை. மறுபடியும் கோளாறு. ஏழாம் தேதி சரி. பத்தாம் தேதி மழை. அன்றிலிருந்து தினமும் கோளாறு."

மிஸ்திரி சிரித்தார். "பாதி வேலையை நீங்களே முடிச்சிட்டீங்கம்மா" என்றார்.

ஏன் அப்படிச் சொன்னார்? எஞ்சின் தேய்ந்து போயிருந்தால் மழை, வெயில் பார்க்காது. எல்லா நாளும் உதறும். மழை நாளில் மட்டும் கோளாறு தொடங்கியது என்றால் ஈரத்தால் கெடும் பொருளைச் சந்தேகிக்க வேண்டும். எஞ்சினில் ஈரத்துக்குப் பயப்படுவது மின்சாரம் போகும் பாதை.

நாலு சம்மட்டி

மிஸ்ஸிங் என்றால் என்ன? பத்மினி காரில் நாலு சிலிண்டர். நாலும் சேர்ந்து 1089 கன சென்டிமீட்டர் கொள்ளளவு. ஒவ்வொரு சிலிண்டரும் கால் லிட்டருக்குச் சற்று அதிகம்.

ஒவ்வொரு சிலிண்டரிலும் நாலு வேலை நடக்கிறது. முதலில் காற்றும் பெட்ரோலும் உள்ளே இழுக்கப்படுகின்றன. பிறகு அவை அழுத்தப்படுகின்றன. பிறகு தீப்பொறி பட்டு எரிகின்றன. அந்த வேகத்தில் பிஸ்டன் கீழே தள்ளப்படுகிறது. கடைசியில் புகை வெளியேறுகிறது. மறுபடியும் முதலிலிருந்து தொடங்குகிறது.

நாலு சிலிண்டரும் ஒரே நேரத்தில் எரிவதில்லை. முறை வைத்து எரிகின்றன. பத்மினியில் அந்த முறை 1, 3, 4, 2. ரேடியேட்டர் பக்கம் இருப்பது 1ஆம் சிலிண்டர்.

கொல்லுப்பட்டறையில் நாலு பேர் மாற்றி மாற்றிச் சம்மட்டி அடிப்பதாக வைத்துக்கொள்வோம். டங், டங், டங், டங் என்று தாளம் தவறாது. ஒருவர் அடிக்காமல் விட்டால்? டங், டங், டங் என்று வந்து ஓர் இடம் காலியாக இருக்கும். எஞ்சினிலும் இதே கதைதான். ஒரு சிலிண்டர் தன் முறை வரும்போது எரியவில்லை என்றால் தாளம் தப்புகிறது. வண்டி உதறுகிறது. அதுதான் மிஸ்ஸிங்.

எஞ்சின் நிமிடத்துக்கு 3000 சுற்றுச் சுற்றுகிறது என்று வைத்துக்கொள்வோம். அப்போது ஒவ்வொரு சிலிண்டரும் நொடிக்கு 25 முறை எரிய வேண்டும். நாலுக்கும் சேர்த்து நொடிக்கு 100 தீப்பொறி. இவ்வளவு வேகத்தில் நடக்கும் வேலையில் சிறு குறை இருந்தாலும் வெளியே தெரிந்துவிடும்.

மிஸ்ஸிங்கோடு வண்டியை ஓட்டினால் நட்டம் பல வகை. எரியாத பெட்ரோல் சைலன்சர் வழியே வீணாகிறது. சில நேரம் அது சைலன்சரில் போய் வெடிக்கும். சிலிண்டர் சுவரில் உள்ள ஆயிலைப் பெட்ரோல் கழுவிவிடும். சுவரும் பிஸ்டன் ரிங்கும் சீக்கிரம் தேயும். சின்னக் கோளாறைக் கவனிக்காமல் விட்டால் பெரிய செலவு வருவது இப்படித்தான்.

எரிய மூன்று வேண்டும்

அடுப்பு எரிய விறகு வேண்டும். காற்று வேண்டும். தீக்குச்சி வேண்டும். சிலிண்டருக்கும் மூன்று வேண்டும்.

ஒன்று, தீப்பொறி. சரியான நேரத்தில், போதிய வலுவோடு வர வேண்டும்.

இரண்டு, சரியான கலவை. காற்றும் பெட்ரோலும் அளவாகச் சேர வேண்டும். பழைய வண்டியில் இந்த வேலையைக் கார்புரேட்டர் செய்கிறது.

மூன்று, அழுத்தம். இதைக் 'கம்ப்ரஷன்' என்பார்கள். வால்வு சரியாக மூடாவிட்டால், ரிங் தேய்ந்திருந்தால், கேஸ்கெட் கிழிந்திருந்தால் அழுத்தம் குறையும்.

மிஸ்ஸிங் வந்தால் இந்த மூன்றில் ஏதோ ஒன்று குறைகிறது. எது என்று தேடுவதுதான் வேலை. தேடாமல் பொருளை மாற்றுவது இருட்டில் கல்லெறிவது போல.

மின்சாரம் போகும் பாதை

தீப்பொறி எங்கிருந்து வருகிறது? பேட்டரியில் இருப்பது 12 வோல்ட். அது போதாது. அந்த மின்சாரம் காயிலுக்குப் போகிறது. அங்கே பல ஆயிரம் வோல்ட்டாக மாறுகிறது. டிஸ்ட்ரிபியூட்டருக்குள் பாயிண்ட் என்ற சிறு கதவு இருக்கிறது. அது திறக்கும் ஒவ்வொரு முறையும் காயிலில் உயர்ந்த மின்சாரம் பிறக்கிறது. பாயிண்ட் கருகாமல் காப்பது கண்டன்சர்.

அந்த மின்சாரம் டிஸ்ட்ரிபியூட்டர் மூடியின் நடுவில் இறங்குகிறது. மூடிக்குள் ரோட்டர் சுற்றுகிறது. அது மின்சாரத்தை நாலு வயருக்கும் முறையாகப் பங்கு வைக்கிறது. வயர் வழியே பிளக்குக்குப் போகிறது. பிளக்கின் முனையில் சிறு இடைவெளி. அங்கே மின்சாரம் தாவும்போது தீப்பொறி வருகிறது.

நாலு சிலிண்டருக்கும் பொதுவான பொருள்கள் உண்டு. காயில், பாயிண்ட், கண்டன்சர், ரோட்டர், கார்புரேட்டர் ஆகியவை பொது. இவற்றில் கோளாறு என்றால் பெரும்பாலும் எல்லாச் சிலிண்டரும் மாறி மாறித் தப்பும். பிளக், பிளக் வயர், மூடியில் அந்த வயரின் இடம், வால்வு ஆகியவை தனித்தனி. இவற்றில் கோளாறு என்றால் ஒரே சிலிண்டர்தான் தப்பும். ஆகவே முதல் கேள்வி இது: தப்புவது ஒன்றா, எல்லாமா?

எந்தச் சிலிண்டர்?

மிஸ்திரி நாலு வயரிலும் சிறு துண்டுப் பிளாஸ்திரி ஒட்டினார். 1, 2, 3, 4 என்று எழுதினார். "வயர் மாறிப் போச்சுன்னா புதுக் கோளாறு வந்துடும். எழுதி வச்சா குழப்பம் இல்லை" என்றார்.

எஞ்சினை நிறுத்தினார். 1ஆம் பிளக்கின் வயரைக் கழற்றினார். அதன் நுனியில் வேறொரு பிளக்கைச் செருகினார். அந்தப் பிளக்கின் உலோகப் பகுதி எஞ்சினில் நன்றாகப் படும்படி வைத்தார். பிறகு ஸ்டார்ட் செய்தார். வண்டி முன்பைவிட மோசமாக உதறியது. அப்படி என்றால் 1ஆம் சிலிண்டர் அதுவரை நன்றாக வேலை செய்தது. நிறுத்தி, வயரைத் திரும்ப மாட்டினார். 2ஆம் சிலிண்டரிலும் அதே சோதனை. உதறல் கூடியது. அதுவும் நல்லது.

3ஆம் வயரைக் கழற்றி ஸ்டார்ட் செய்தார். ஒரு மாற்றமும் இல்லை. முன்பு போலவே ஓடியது.

"பார்த்தியா தம்பி? வேலை செய்யாதவனை வேலையை விட்டு நிறுத்தினால் நட்டம் தெரியுமா? தூங்குறவன் இவன்தான்" என்றார் மிஸ்திரி. 4ஆம் சிலிண்டரையும் பார்த்தார். அது சரியாக இருந்தது.

இந்தச் சோதனையில் கவனம் வேண்டும். எஞ்சின் ஓடும்போது பிளக் வயரைக் கையால் பிடுங்கக்கூடாது. பலமாக அதிர்ச்சி அடிக்கும். இதய நோய் உள்ளவர்கள் பக்கத்தில் போகவே கூடாது. வயரைச் சும்மா தொங்கவிட்டு ஓட்டினால் காயில் கெடலாம். நீண்ட நேரம் ஓட்டவும் கூடாது.

பிளக் சொல்லும் செய்தி

மிஸ்திரி நாலு பிளக்கையும் கழற்றி வரிசையாக வைத்தார். பிளக்கின் முனையைப் பார்த்தால் சிலிண்டருக்குள் நடப்பது தெரியும்.

இளம் பழுப்பு நிறம் என்றால் நலம்.

காய்ந்த கரி படிந்திருந்தால் பெட்ரோல் அதிகம் அல்லது காற்று குறைவு. ஏர் பில்டர் அடைத்திருக்கலாம்.

கரியோடு ஆயில் பிசுபிசுத்தால் ரிங் அல்லது வால்வு வழியாக ஆயில் கசிகிறது.

வெளுத்துப் போய் முனை கொப்பளித்திருந்தால் எஞ்சின் அளவுக்கு மீறிச் சூடாகிறது. பெட்ரோல் குறைவாக வரலாம்.

பெட்ரோலில் நனைந்திருந்தால் பெட்ரோல் வருகிறது, ஆனால் எரியவில்லை. பெரும்பாலும் தீப்பொறி இல்லை என்று பொருள்.

மூன்று பிளக்குகள் இளம் பழுப்பாக இருந்தன. 3ஆம் பிளக் மட்டும் நனைந்திருந்தது.

மாற்றிப் போட்டுப் பார்

"அப்ப புது பிளக் வாங்கிட்டு வரட்டுமா அண்ணாச்சி?" என்றார் ஓட்டுநர்.

"அவசரப்படாதே. காசு செலவழிக்காம முதல்ல பார்ப்போம்."

3ஆம் பிளக்கைத் துடைத்து உலர்த்தி 2இல் மாட்டினார். 2ஆம் பிளக்கை 3இல் மாட்டினார். கோளாறு பிளக்கில் இருந்தால் இப்போது 2ஆம் சிலிண்டர் தப்ப வேண்டும். ஆனால் 3ஆம் சிலிண்டரே தப்பியது. ஆகவே பிளக் குற்றவாளி இல்லை.

அடுத்து 3ஆம் வயரையும் 2ஆம் வயரையும் மாற்றிப் போட்டார். மின்சாரம் போகும் முறை மாறாதபடி கவனமாக மாட்டினார். அப்போதும் 3ஆம் சிலிண்டரே தப்பியது. ஆகவே வயரும் குற்றவாளி இல்லை.

மிச்சம் இரண்டு. ஒன்று எஞ்சினின் அழுத்தம். மற்றொன்று டிஸ்ட்ரிபியூட்டர் மூடி.

ஓட்டுநரின் மனத்தில் எட்டாயிரம் வந்து நின்றது. மிஸ்திரி அவர் முகத்தைப் பார்த்தார். "பயப்படாதே. அளந்து பார்த்துச் சொல்றேன்" என்றார். நாலு பிளக்கையும் கழற்றினார். தீப்பொறி வராதபடி காயில் வயரை நீக்கினார். கம்ப்ரஷன் மீட்டரை ஒவ்வொரு துளையிலும் வைத்தார். ஆக்ஸிலரேட்டரை முழுக்க அழுத்திக்கொண்டு ஸ்டார்ட்டரைச் சுற்றச் சொன்னார். நாலு எண்களையும் எழுதினார். நாலும் ஏறத்தாழ ஒன்றாக இருந்தன.

3ஆம் சிலிண்டரின் எண் மட்டும் மிகக் குறைவாக இருந்திருந்தால்? அப்போது அந்தத் துளையில் ஒரு தேக்கரண்டி ஆயில் விட்டு மறுபடி அளப்பார்கள். எண் உயர்ந்தால் ரிங் தேய்ந்திருக்கிறது. உயராவிட்டால் வால்வு அல்லது கேஸ்கெட்டைப் பார்க்க வேண்டும். பக்கத்துப் பக்கத்துச் சிலிண்டர் இரண்டும் குறைந்தால் நடுவில் கேஸ்கெட் போயிருக்கலாம். எஞ்சினைப் பிரிப்பதற்கு முன்னால் இப்படி அளக்கச் சொல்லிக் கேட்பது நல்லது.

முடி போல ஒரு கோடு

கடைசியாக மிஸ்திரி டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கழற்றினார். துணியால் துடைத்தார். வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இங்க வா தம்பி. நீங்களும் பாருங்கம்மா."

மூடியின் உள்ளே 3ஆம் முனையிலிருந்து விளிம்பு வரை ஒரு கோடு. தலைமுடி போல மெல்லியது. பென்சிலால் கிழித்தது போலக் கறுப்பாக இருந்தது.

மூடியில் விழுந்த சிறு விரிசல் அது. மழை நாளில் அதில் ஈரம் சேர்ந்தது. 3ஆம் பிளக்குக்குப் போக வேண்டிய மின்சாரம் அந்த ஈரத்தின் வழியே விளிம்புக்கு ஓடிவிட்டது. ஈரம் காய்ந்ததும் சரியானது. ஆனால் ஒவ்வொரு முறை மின்சாரம் அந்த வழியில் ஓடியபோதும் சிறிது கரி படிந்தது. கரியும் மின்சாரத்தைக் கடத்தும். கடைசியில் ஈரம் இல்லாமலே மின்சாரம் அந்த வழியில் ஓடத் தொடங்கியது. அதனால்தான் பத்தாம் தேதிக்குப் பிறகு தினமும் கோளாறு.

இத்தகைய கசிவை இரவில் கண்ணாலும் பார்க்கலாம். இருட்டில் பானட்டைத் திறந்து, தொடாமல் பார்த்தால் போதும். வெளியில் கசிவு இருந்தால் நீலப் பொறி தாவுவது தெரியும்.

புது மூடி வாங்கினார்கள். விலை நூறு ரூபாய்க்குள். ரோட்டரையும் பாயிண்டையும் மிஸ்திரி சுத்தம் செய்தார். பாயிண்ட் இடைவெளியைப் பீலர் கேஜ் வைத்துச் சரி பார்த்தார். வயர்களை எண் பார்த்து மாட்டினார். ஸ்டார்ட் செய்தார்.

டங், டங், டங், டங். தாளம் தவறவில்லை.

ஓட்டுநர் சைலன்சரின் பக்கம் போய்ச் சிறிது தள்ளி ஒரு துணியைப் பிடித்துப் பார்த்தார். காற்று சீராக வந்தது. எட்டாயிரம் ரூபாய் கடன் இல்லை. அன்று மாலையே வண்டி சவாரிக்குப் போனது. இரவு அவர் மனைவி நோட்டில் எழுதினார்: "மூடி மாற்றியது. வண்டி நலம்."

இன்றைய வண்டிகள்

பிற்காலத்தில் மும்பை டாக்சிகள் பல சி.என்.ஜி. எரிவாயுவுக்கு மாறின. வாயுவைப் பற்றவைக்கப் பெட்ரோலைவிட வலுவான தீப்பொறி வேண்டும். அதனால் பிளக்கும் வயரும் சற்று வலுவிழந்தாலே வாயுவில் மிஸ்ஸிங் தெரியும். பெட்ரோலில் சரியாக ஓடி வாயுவில் மட்டும் உதறினால் தீப்பொறியையும் பார்க்க வேண்டும், வாயுக் கருவியையும் பார்க்க வேண்டும். வாயுக் கருவியை அனுமதி பெற்ற பட்டறையில்தான் தொட வேண்டும்.

புதிய கார்களில் டிஸ்ட்ரிபியூட்டரும் கார்புரேட்டரும் இல்லை. கம்ப்யூட்டர் எல்லாவற்றையும் கவனிக்கிறது. மிஸ்ஸிங் வந்தால் டேஷ்போர்டில் எஞ்சின் விளக்கு எரியும். ஸ்கேனர் வைத்தால் எண் காட்டும். பி0301 என்றால் 1ஆம் சிலிண்டர். பி0303 என்றால் 3ஆம் சிலிண்டர். பி0300 என்றால் பல சிலிண்டர்கள் மாறி மாறித் தப்புகின்றன. அந்த விளக்கு விட்டு விட்டு எரிந்தால் வண்டியை ஓரமாக நிறுத்துவது நல்லது. எரியாத பெட்ரோல் சைலன்சர் பாதையில் உள்ள புகை வடிகட்டியைக் கெடுத்துவிடும். அதன் விலை அதிகம். புதிய கார்களில் வயரைக் கழற்றிப் பார்க்கும் சோதனை வேண்டாம்.

கருவி மாறியிருக்கிறது. தேடும் முறை மாறவில்லை. எந்தச் சிலிண்டர்? தீப்பொறியா, கலவையா, அழுத்தமா? இந்தக் கேள்விகள் அன்றும் இன்றும் ஒன்றுதான். ஆட்டோவுக்கும் மோட்டார் சைக்கிளுக்கும் இவை பொருந்தும்.

நினைவில் வையுங்கள்

1. கோளாறு எப்போது வருகிறது என்று எழுதி வையுங்கள். மழையா, வெயிலா, குளிர்ந்த எஞ்சினா, சூடான எஞ்சினா என்று குறியுங்கள்.

2. செலவில்லாத சோதனையை முதலில் செய்யுங்கள். பொருளை மாற்றிப் போட்டுப் பாருங்கள்.

3. ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டும் செய்யுங்கள். இரண்டை மாற்றினால் எது காரணம் என்று தெரியாது.

4. பெட்ரோல் இருக்கும் இடத்தில் பீடி, தீக்குச்சி வேண்டாம். திறந்த வெளியில் எஞ்சினை ஓட்டுங்கள். புகை விஷம்.

5. சுற்றும் பேன் பக்கம் லுங்கி, துண்டு, சேலைத் தலைப்பு போகாமல் பாருங்கள்.

6. எஞ்சினைப் பிரிக்க வேண்டும் என்று யாராவது சொன்னால், "கம்ப்ரஷன் அளந்தீர்களா? எண் என்ன?" என்று கேளுங்கள்.

பேசிப் பாருங்கள்

மனைவியின் நோட்டு இல்லாவிட்டால் என்ன நடந்திருக்கும்?

உங்கள் வீட்டில் மிக்சி, தையல் மெஷின், பம்புசெட் ஏதாவது கெட்டால் என்ன என்ன எழுதி வைப்பீர்கள்?